துணி கட்டிய காய்

கசக்கவில்லை. கசக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாக்கு காலையிலிருந்தே சரியில்லை, காய்ச்சல் மாத்திரை தொண்டையில் எங்கேயாவது ஒட்டியிருக்கும், எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகிறது, சரி, பேஸ்ட் கசந்திருக்கும், பேஸ்ட் என்றைக்குக் கசந்தது. வணக்கம், தலைப்புச் செய்திகள். வசந்தாமணி வீட்டுப் பொடக்காளியில் இன்று காலை சுரைக்காய் ஒன்று கசந்ததாக வந்த தகவலை அவரது மகள் மோனிஷா வன்மையாக மறுத்துள்ளார். டிவி அக்கா குரல் எனக்கு அச்சு அசலாக வரும், கடைசி வார்த்தையில் மூச்சை இறக்கிவிட்டால் போதும். செய்தி வாசித்து முடித்தும் கசப்பு போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், பொடக்காளிக் கதவோரம், அருவாமணையில் உட்கார்ந்திருக்கிறேன். பாதிக் காய் மடியிலும் பாதி முறத்திலும் கிடக்கிறது. எத்தனை வெள்ளை, இத்தனை வெள்ளையாக இருக்கிற ஒன்று கசக்குமா. அடுப்பில் உலை கொதிக்கிறது. அம்மா ஏழரைக்கே ஏரிக்கரைக்கு நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள், போகும்போது வாசலில் நின்று, "பாவாத்தாக்கா தலைக்காய் கொண்டாருவா, வாங்கி ஆக்கீரு, கிள்ளி வாயில போட்டுப் பாத்துட்டு ஆக்கோணும், கேக்குதா?" என்றாள். சுரையோ வெள்ளரியோ, நகக்கண் அளவு பச்சையாகக் கிள்ளி ருசி பார்க்காமல் எங்கள் வீட்டில் எதுவும் சட்டிக்குள் போகாது. அம்மா இருந்தால் அவள் நாக்கு, இல்லாவிட்டால் என் நாக்கு. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாவாத்தா பெரியம்மா வேலிப் படல் திறந்து வந்தாள், முந்தானையில் குழந்தையைப் போல இந்தக் காயை ஏந்திக்கொண்டு. விதை கொடுத்த வீட்டுக்கு முதல் காய் போக வேண்டும், போன பிறகுதான் கொடிக்காரி தனக்குப் பறிக்கலாம், எங்கள் வீதியில் அப்படித்தான். "உன்ற ஆத்தா கையில என்னமோ இருக்குதுடி, கொடியப் பாரு, ஊட்டையே மூடிருச்சு. இனி நாங்க பறிச்சு ஆக்கலாமல்ல?" நான் இடுப்பில் கை வைத்து, அம்மாவைப் போலக் கழுத்தைச் சாய்த்து, அம்மாவின் குரலிலேயே, "தாராளமா ஆக்குங்கக்கா, உங்க கொடி, உங்க காய்" என்றேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆக்குங்கக்கா என்று நான்தான் சொன்னேன்.

கசப்பு பார்ப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு காய்க்கும் ஒருமுறை சாவேன். எங்கள் பி.டி. மிஸ் வெயிலில் மயங்கி விழுகிற மாதிரி, முழங்காலை மடக்கி, விசிலைக் கையில் பிடித்தபடி சரிவது ஒரு வகை. கண்ணைச் செருகி, "அம்மா, என்ற பாவாடை தாவணிய பக்கத்தூட்டு இந்துஜா அக்காவுக்குக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போவது இன்னொரு வகை. ஆடி மாதம் வெள்ளரிக்காய்க்குச் செத்தபோது வாயில் கொஞ்சம் சோப்பு நுரை வைத்துக்கொண்டேன், அதுதான் இதுவரைக்கும் நான் செத்ததிலேயே நல்ல சாவு. பாவாத்தா பெரியம்மா புளித்தண்ணீரோடு படலைத் திறக்கக்கூடப் பொறுக்காமல் வேலியில் ஏறிக் குதித்து, கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, ரத்தத்தோடு என் வாயைப் பிளந்தாள். நான் டிவி அக்கா குரலில், "சற்றுமுன் கிடைத்த தகவலின்படி மோனிஷா உயிர் பிழைத்தார்" என்றேன். அம்மா அகப்பைக் காம்பால் வெளுத்தாள். பெரியம்மா நொண்டிக்கொண்டே போகும்போது வேலியருகே நின்று திரும்பிச் சொன்னாள், "இவ நெசமாவே செத்தாலும் ரெண்டு நாள் கழிச்சு நாத்தம் வந்தாத்தான் நம்புவேன் வசந்தாமணி." எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரையும்விட நான் அதிகமாகச் சிரித்தேன். அப்புறம் அந்த ரேஷன் கடைக்காரர் குரல். மைக்கில் பேசுகிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, வீதி முனையில் சுவருக்குப் பின்னால் நின்று, "அரிசி வந்துருச்சு, பருப்பும் இருக்குது, முன்னால வர்றவங்களுக்கு மட்டும்" என்றேன். உச்சி வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு பொம்பளைகள் ஓடினார்கள், எண்ணினேன், பூட்டின கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். திரும்பி வரும்போது பைகள் எப்படித் தொங்கின. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். பதினெட்டில் ஒன்று அம்மாவுடையது.

இன்னொரு கிள்ளு. இந்தமுறை காம்புப் பக்கம் வேண்டாம், காம்புப் பக்கம் நல்ல காயிலேயே லேசாகக் கசக்கும், நடுவில், விதைக்குப் பக்கத்தில், பஞ்சு மாதிரி இருக்கிற இடத்தில் கிள்ளு. முன்பல்லால் மட்டும் கடி. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, இருக்கிறது. முதலில் தண்ணீர் மாதிரி, அப்புறம் நாக்கின் அடியில் எங்கிருந்தோ ஏறி வந்து தொண்டை வாசலில் நின்றுகொள்கிறது, பாகற்காய் இப்படி நிற்காது, பாகற்காய் வந்து போய்விடும், இது உட்காருகிறது. துப்பினேன், கோழி ஒன்று ஓடிவந்து கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போயிற்று. கோழிக்கு நடிக்கத் தெரியாது. இந்தக் கசப்பை எனக்குத் தெரியும். இதை நான் தின்றதில்லை, ஆனால் தின்ற முகத்தைப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் குப்பைக்குழி ஓரம், வேலிக்குள் தானாக ஒரு சுரைக்கொடி முளைத்தது. யாரும் போட்ட விதை இல்லை, மழைக்கு வந்தது. பூ அதே பூ, இலை அதே இலை, பிஞ்சும் நம் கொடியின் பிஞ்சு மாதிரியே பச்சையாக, மயிரோடு. அம்மா முதல் பிஞ்சைக் கிள்ளி வாயில் போட்டாள், அடுத்த நொடி குனிந்து துப்பித் துப்பி, வாயைச் சாம்பல் போட்டுக் கொப்பளித்து, "பேய்ச்சொர இது. இத ஆக்கித் தின்னா ரத்தமா வாந்தி எடுக்கோணும், ஆளக் கொன்னுபோடும். ஞாயித்துக்கெழம புடுங்கி எறியோணும்" என்றாள். அந்த முகத்தை நான் அன்றைக்குச் சாயந்திரமே நடித்துக் காட்டினேன், அம்மாவே சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வெங்காயம் நடுகிற வேலை கிடைத்தது. அடுத்த ஞாயிறும். கொடியைப் பிடுங்க யாரும் இல்லை, நான் இருந்தேன், நான் அப்போது தலைமையாசிரியை குரலில் ஆட்டுக்குட்டிகளுக்கு அசெம்பிளி நடத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கொடி ஏறி எங்கள் பந்தலுக்கே வந்து, நல்ல கொடியோடு பின்னிக்கொண்டு, எந்தக் காய் எதன் காய் என்று அடியைத் தேடினால்தான் தெரியும் என்று ஆனது.

துணி. துணியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், முறத்தில் கிடக்கிற பாதிக் காயின் மேல் அந்தச் சிவப்புத் துணிதான் தெரிகிறது. பந்தலிலேயே நல்ல காயை, காம்பு பெருத்து, கழுத்து நேராக, மேலே கீறல் இல்லாத ஒன்றைப் பார்த்து அம்மா பழைய சேலையில் கிழித்த துணியைக் கட்டுவாள். கட்டினால் அது விதைக்காய். அதை யாரும் தொடக் கூடாது, தை மாதம் வரைக்கும் கொடியிலேயே முற்றிக் காய்ந்து குடுக்கை ஆகி, ஆட்டினால் உள்ளே சலசலக்க வேண்டும். போன ஐப்பசியில் மூன்று வாரம் மழை. ஏரி நிரம்பி நூறு நாள் வேலை நின்றது, வெங்காயம் அழுகி அந்த வேலையும் நின்றது, அப்பா வடக்கே எங்கோ போர் போடுகிற ரிக் வண்டியில், போனில் பேசினால் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும், அந்தச் சத்தத்தையும் நான் நடிப்பேன். ரேஷன் அரிசி தீர்ந்து ராகி மாவும் அடிப்பானையில் தட்டுகிற அளவுக்கு வந்தாயிற்று. பந்தலில் மற்ற காயெல்லாம் பறித்தாயிற்று, மிச்சம் பிஞ்சுகளும் துணி கட்டின அந்த ஒன்றும். அம்மா அன்றைக்கு விறகு பொறுக்கப் போயிருந்தாள். நான் பந்தலடியில் நின்று அதைப் பார்த்தேன். அது கட்டி எட்டு நாள்தான், இன்னும் இளசு, நகம் இறங்கியது. "மாண்புமிகு சுரைக்காய் அவர்களே, நீங்கள் இத்தனை நாள் வகித்த பதவியிலிருந்து விடைபெறும் இந்த நேரத்தில்" என்று எம்.எல்.ஏ. குரலில் ஆரம்பித்தேன். துணியை அவிழ்த்தேன். ஒரு கை தள்ளி, இலைக்குள் தொங்கின இன்னொரு காய்க்கு, "புதிதாகப் பொறுப்பேற்கும் தங்களுக்கு இந்தப் பொன்னாடையை" என்று போர்த்தி முடிச்சுப் போட்டேன். எனக்கு நானே கை தட்டினேன். காயைப் பறித்துக் கூட்டு ஆக்கினேன், கொஞ்சம் கல்லுப்பு, மூன்று மிளகாய், வேறு ஒன்றும் இல்லை. அம்மா நனைந்த விறகோடு வந்து, வட்டலில் போட்டதை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். "எந்தக் காய்டி இது, வெண்ணெயாட்டம் இருக்குது. நல்லா ஆக்கியிருக்கறடி." நான், "அடியில ஒளிஞ்சு கெடந்துச்சு" என்றேன். இரண்டு பேரும் வழித்துத் தின்றோம். நாலு நாள் கழித்துப் பந்தலுக்கு வந்தவள் காயைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். துணி இருந்தது.

எனக்குத் தெரியுமா. அதுதான். அந்த இன்னொரு காய் எந்தக் கொடியின் காய் என்று எனக்கு அப்போது தெரியுமா. தெரியாது. அடியைத் தேடிப் பார்க்கவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது, பசி, பசிக்கிறவள் அடியைத் தேடுவாளா. ஆனால் துணியை முடிச்சுப் போடும்போது அந்தத் தண்டு வேலிப் பக்கமாக வளைந்து போனது கண்ணில் பட்டதா, பட்டிருந்தால் கண் அதை எங்கே வைத்தது, இப்போது அந்தத் தண்டு வேலிப் பக்கமாக வளைவதைப் பார்க்கிறேனே, இது அன்றைக்குப் பார்த்ததா இன்றைக்கு நானே போட்டுக்கொண்டதா. தெரியாது. தெரிந்திருக்கும். கசக்கிறதா என்று எல்லாக் காயையும் கிள்ளிப் பார்க்கிற வீட்டில் விதைக்காயை மட்டும் யாரும் கிள்ளுவதில்லை, கிள்ளினால் காற்றுப் புகுந்து அழுகும். தையில் அம்மா குடுக்கையை உடைத்தாள், விதையைச் சாம்பலில் புரட்டிக் காய வைத்துப் பித்தளைப் போசியில் போட்டு மூடினாள். ஆடியில் ஐந்து வீட்டுக்காரிகள் வந்தார்கள். பாவாத்தா பெரியம்மா, டெய்லர் வீடு, பால்காரர் வீடு, கோடியில் அடுத்தடுத்த இரண்டு வீட்டு அக்கா தங்கை. எல்லாருக்கும் அம்மா கையாலேயே குழியில் போட வேண்டும். அம்மாவுக்குக் கைராசி. அம்மா போட்ட விதை பட்டுப்போனதில்லை என்பார்கள். எங்களுக்குக் காடு கிடையாது, மாடு கிடையாது, இந்த ஐந்து சென்ட் பொடக்காளியும் அந்தக் கையும்தான், அந்தக் கைக்குத்தான் பால்காரர் வீட்டிலிருந்து மோர் வரும், டெய்லர் வீட்டு முருங்கை வரும், மாவு தீர்ந்த நாளில் பாவாத்தா பெரியம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு படி ராகியை வேலிக்கு மேலே நீட்டுவாள். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக, ஆவணியில்தான், அம்மா எங்கள் பந்தலடியில் போட்டாள். அதனால் எங்கள் கொடி இன்னும் பூவில் நிற்கிறது. தலைக்காய் இன்றைக்குத்தான் வந்தது, ஒரு வீட்டுத் தலைக்காய் வந்துவிட்டால் அந்த விதை போட்ட எல்லா வீட்டிலும் பறிக்கலாம். இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. ஐந்து வீட்டிலும் இன்றைக்குக் கவுச்சி கிடையாது, காய்தான்.

வேலிக்கு அந்தப்பக்கம் அம்மியில் தேங்காய் உருள்கிற சத்தம். உலை என் பின்னால் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, எழுந்து பார்க்கவில்லை. பெரியம்மா ருசி பார்ப்பாளா. பார்ப்பாள், பார்த்து என்ன, இருபது வருஷமாகப் புகையிலை போட்டு நாக்கு செத்துப்போனவள், உப்பு போட்டிருக்கிறதா என்றே மருமகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். மருமகள் இந்துஜா அக்காவுக்கு ஏழாம் மாசம். பச்சைக் காய் வாடையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடும், வெந்து தாளித்து வந்தால் மட்டும் தின்னும், வெல்லம் தட்டிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி. கசந்தால்? லேசாகக் கசந்தால் பெரியம்மா என்ன சொல்வாள், எனக்கு அந்தக் குரல் இப்போதே கேட்கிறது, நானே பேசிக் காட்டுவேன், "கசந்தா நல்லது சாமி, வயித்துப் பூச்சி சாகும், முழுங்கு." அக்கா தினமும் வாந்தி எடுக்கிறது. நேற்றும் எடுத்தது. அப்படியானால் இன்றைக்கு எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, மாசமா இருந்தா அப்படித்தான் என்பார்கள். ரத்தம் வந்தால்தான் பார்ப்பார்கள். ரத்தம் வருகிறதற்கு எத்தனை நேரம் ஆகும். அக்கா எனக்குக் காலண்டர் அட்டையில் சாமி வேஷ கிரீடம் செய்து கொடுத்தது. டெய்லர் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். கோடி வீட்டுத் தங்கை பல்லில்லாத மாமனாருக்குக் காயை மசித்து ஊட்டும். இதையெல்லாம் யாரோ எனக்குள் படித்துக்கொண்டே போகிறார்கள், டிவி அக்கா இல்லை, வேறு யாரோ, குரல் பிடிபடவில்லை.

எழுந்து வேலிக்குப் போனேன். போகும்போதே முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, எந்த முகத்தை வைத்தாலும் அது நான் ஏற்கெனவே நடித்த முகம். "பெரியம்மா, காய் கசக்குது, ஆக்காதீங்க." பெரியம்மா அம்மியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா புள்ள, போன மாசம் முட்டை கசக்குதுன்ன." "பெரியம்மா, நெசமாலும். பேய்ச்சொர. நாக்குலயே நிக்குது." "நின்னா ஒரு பாயப் போட்டு உக்காரச் சொல்லு." உள்ளேயிருந்து இந்துஜா அக்கா, "அத்தை, இன்னிக்கி எந்த வேஷம்? டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தது. "அக்கா, தின்னாதக்கா, செத்துருவக்கா." "அட இவ வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க," பெரியம்மா இப்போது நிமிர்ந்தாள், "நல்ல நாளும் அதுவுமா, மாசமா இருக்கறவளப் பாத்துச் சொல்ற பேச்சா இது? எல்லாத்துக்கும் ஒரு அளவு இல்ல?" எனக்கு அழுகை வந்தது, நிஜ அழுகை, மூக்கெல்லாம் ஒழுகியது. பெரியம்மா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். ஒரு நொடி நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். "பாரு இந்து, கண்ணுல தண்ணியே கொண்டாந்துட்டா. இத எப்படி கழுத பழகுன? வெங்காயமா?" கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால், அடுப்படி ஜன்னலில், சட்டியிலிருந்து ஆவி வருவது தெரிந்தது.

பந்தலுக்கடியில் வந்து உட்கார்ந்துகொண்டேன், இலை மறைப்பில். ஏரிக்கரைக்கு ஓடலாம், போக அரைமணி, வர அரைமணி. போன் என்னிடம்தான் இருக்கிறது, அப்பா கூப்பிடுவார் என்று அம்மா வைத்துவிட்டுப் போவாள். அங்கே கடுகு பொரிகிற வாடை வந்துவிட்டது. எனக்கு எத்தனை குரல் வரும். கண்டக்டர், எம்.எல்.ஏ., தலைமையாசிரியை, ரேஷன் கடைக்காரர், ரிக் மிஷின். இதில் யார் சொன்னால் பெரியம்மா சட்டியை இறக்குவாள். யாரும் இல்லை. ஒரே ஒரு ஆள். அந்தக் குரலை விளையாட்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் நான் பேசியதில்லை, பேசினால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அதைத் தொண்டையிலிருந்து எடுக்க முடியாது. தோள்பட்டையைத் தொங்கவிட வேண்டும், மண் சுமந்து வந்தவள் மாதிரி, பேருக்கு முன்னால் ஒரு மூச்சை விழுங்க வேண்டும், கடைசியில் எதையும் கேட்காத மாதிரி முடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். "பாவாத்தாக்கா." அம்மி நின்றது. "ஏம் வசந்தாமணி, அதுக்குள்ள வந்துட்டியா?" "நெஞ்சு படபடன்னு வந்துச்சுக்கா, பாதியில வந்துட்டேன். அக்கா, அந்தச் சொரக்காய ஆக்கீட்டீங்களா?" "கொதிக்குது. ஏன்?" "கீழ ஊத்தீருங்க. ஒரு வாய்கூட வெக்காதீங்க. பேய்ச்சொரயாப் போச்சுக்கா. புள்ள சொன்னது நெசந்தான், நானும் இப்பக் கிள்ளிப் பாத்தேன்." இலை மேல் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. "வெத எப்படி வசந்தாமணி தப்பும்? நீதான போட்ட?" நான் மூச்சை விழுங்கினேன். அம்மா இந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அவள் யார் மேலும் சொல்ல மாட்டாள். "நாந்தாங்க்கா போட்டேன். என்ற தப்புதான்." சட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது, குழிக்குள், சூடாக, தேங்காயும் வெல்லமும் எல்லாமும். அப்புறம் பெரியம்மா அடுத்த வேலிக்குப் போய்க் கத்தினாள், "டெய்லரூட்டம்மோவ், சொரக்காய ஆக்காத, பேய்ச்சொரயாம், வசந்தாமணியே சொல்லிப்போட்டா." அங்கிருந்து அடுத்த வேலிக்கு, அங்கிருந்து கோடி வீட்டுக்கு. வசந்தாமணியே சொல்லிப்போட்டா, வசந்தாமணியே சொல்லிப்போட்டா. ஒவ்வொரு வேலியிலும் வேறு வேறு குரலில், ஒன்றைக்கூட நான் மனசில் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

பிழைத்துவிட்டார்கள். ஐந்து வீடும். இந்துஜா அக்கா பிழைத்துவிட்டது, சந்தோஷப்படு, கை தட்டு. கை முழங்காலைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. வெயில் பந்தல் ஓட்டைகள் வழியாக வட்டம் வட்டமாக விழுகிறது, எங்கள் கொடியில் வெள்ளைப் பூக்கள் வாடித் தொங்குகின்றன, ஒன்றிரண்டின் அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு. இதுவும் அந்த விதைதான். இந்தப் பிஞ்சை நம்பித்தான் அம்மா ஐப்பசி மழையைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். இனி ஐப்பசிக்கு என்ன. மோர் வருமா. ராகி வருமா, வரும், பாவாத்தா பெரியம்மா அப்படிப்பட்டவள் இல்லை, ஆனால் நீட்டும்போது கை எப்படி இருக்கும். அம்மா வந்ததும் சொல்லிவிட வேண்டும், முதல் வார்த்தை என்ன. அம்மா, நான் ஒன்று சொல்லட்டுமா. அம்மா, அன்றைக்கு வெண்ணெய் மாதிரி இருந்ததே, அது. என்னைப் பெற்றவளுக்கு என் குரலில் ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு ஒத்திகை பார்க்கிறேன், என்ன ஜென்மம் நான்.

பன்னிரண்டரை. வீதியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு செருப்பு வார் அறுந்து தைத்தது, ஒன்று விட்டு ஒன்று அடிக்கும். கோடி வீட்டில் நின்றது. பால்காரர் வீட்டில் நின்றது. டெய்லர் வீட்டில் வெகுநேரம் நின்றது. யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா வாசலில் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ஏரியிலிருந்து இப்பத்தான் வர்றியா? அப்பக் காலையில வேலிக்கிட்ட வந்து சொன்னது?" செருப்பு அசையவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "நாந்தாங்க்கா," என்றாள் அம்மா, ஒரு மூச்சை விழுங்கிவிட்டு, "சொல்லீட்டு மறுபடி போனேன்." நான் பேசியதைவிட அது கொஞ்சம் மெதுவாக இருந்தது. பொடக்காளிக்கு வந்து என்னைப் பார்த்தாள். முறத்தில் கறுத்துப்போயிருந்த பாதிக் காயில் நகத்தை இறக்கி ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்தாள். அந்த முகம். நான் நடித்துக் காட்டினதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துப்பிவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மண் ஒட்டின கையை. "துணி கட்டுன காய்தான. எங்க தப்புச்சு?" நான் சொன்னேன். அம்மா, நான்தான், போன ஐப்பசியில், விறகுக்குப் போனியே அன்னிக்கு, பசிம்மா, துணிய அவுத்து வேற காய்க்குக் கட்டீட்டேன், நாம தின்னது அதான். திக்கித் திக்கி, எந்தக் குரலிலும் சேராத ஒரு குரலில், எனக்கே புதிதாக இருந்தது. அம்மா கடைசிவரைக்கும் கேட்டாள். அப்புறம் என் தலையில் கை வைத்தாள், இதுவரைக்கும் அப்படி வைத்ததில்லை. "போதும் கண்ணு. எம்மேல வர்ற பேர உம்மேல போட்டுக்கறயா? அம்மா சோறு போட்டுத்தான் வளத்தேன். நீ அப்படிச் செய்ய மாட்ட. என்ற கையிதான் போயிருச்சு." "இல்லம்மா, நெசமா." "போதும், நடிக்காத."

அம்மா பந்தலுக்குப் போனாள். பந்தக்காலில் இந்த வருஷத்து விதைக்காய்க்கென்று சிவப்புத் துணி ஒன்று முடிந்து வைத்திருந்தது, அதை அவிழ்த்து அருவாமணையைத் துடைத்தாள். பிறகு கொடியின் அடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை, அம்மா போட்டது அப்படி ஊன்றியிருந்தது. நானும் போய்ப் பிடித்தேன். மண்ணோடு வந்தது, பந்தலில் பூக்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கி நின்றன. அப்போது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பெரியம்மா குரல், முகத்தைக் காட்டாமல், "வசந்தாமணி, பீர்க்கன் வெத ஒன்னு கேட்டிருந்தேனே, அத எடுத்து வெக்க வேண்டாம். கோடியூட்டுல வாங்கிக்கறேன். தப்பா நெனச்சுக்காத" என்றது. அம்மா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கொடியின் வேர் இன்னும் அவள் கையில் இருந்தது. என்னைப் பார்த்து, வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள், நீயே சொல்லு என்கிற மாதிரி. நான் தோளைத் தொங்கவிட்டேன். ஒரு மூச்சை விழுங்கினேன்.

"சரிங்க்கா" என்றேன்.